நடக்க முடியாதவர் எழுதிய இலக்கணம்
உலகுக்கு ஆங்கிலம் கற்பித்த லிண்ட்லி மர்ரேயின் வாழ்க்கை

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் தமிழ் மாணவனை முதலில் மிரட்டுபவை பெரிய பெரிய சொற்கள் அல்ல. 'ஏ', 'ஆன்', 'தி' என்ற மூன்று சின்னஞ்சிறு சொற்கள்தான். எங்கே போடுவது, எங்கே விடுவது என்று தெரியாமல் திண்டாடிப் போகிறான். அதைத் தாண்டி வந்தால் 'ஹூ', 'விச்' என்று இரண்டு பேர் வழிமறிக்கிறார்கள். 'ஈச்' என்றால் ஒருமையா, பன்மையா? 'எவ்ரிபடி' என்று தொடங்கிய வாக்கியத்தை எந்தப் பிரதிப்பெயரால் முடிப்பது? இந்தச் சந்தேகங்கள் எல்லாம் பட்டம் பெற்றவர்களைக்கூட விடுவதில்லை.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிறந்த பிள்ளைகளுக்கே இந்தத் தொல்லை உண்டு என்றால் நம்புவது கடினம். ஆனால் உண்மை அதுதான். தாய்மொழியைச் சரியாக எழுதத் தெரியாமல் தவித்த அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு மனிதர் இலக்கணம் எழுதினார். அவர் மொழிப் பேராசிரியர் அல்லர். பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்றவரும் அல்லர். வக்கீலாகத் தொழில் தொடங்கி, வியாபாரத்தில் செல்வம் குவித்து, நடுத்தர வயதில் நடக்கும் சக்தியை இழந்து, சோபாவில் சாய்ந்த வண்ணம் காலம் கழித்தவர். லிண்ட்லி மர்ரே என்பது அவர் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவருடைய புத்தகங்களைப் போல் விற்ற புத்தகங்கள் மிகச் சிலவே.

மில் முதலாளியின் மகன்

1745-ம் ஆண்டு, அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஸ்வாட்டரா என்னும் இடத்தில் லிண்ட்லி மர்ரே பிறந்தார். அப்போது அமெரிக்கா தனி நாடாகவில்லை. பிரிட்டிஷ் மன்னரின் ஆளுகையில் இருந்தது. தகப்பனார் ராபர்ட் மர்ரே மாவு மில் வைத்திருந்தார். தாயார் மேரி லிண்ட்லி. தாயார் பிறந்த வீட்டுப் பெயரே பிள்ளைக்கு முதற் பெயராக அமைந்தது. பன்னிரண்டு குழந்தைகளில் இவரே மூத்தவர்.

ராபர்ட் மர்ரே வெறும் மில் முதலாளியாக நின்றுவிடவில்லை. கப்பல் வியாபாரத்தில் இறங்கினார். குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. சில ஆண்டுகளில் அந்நகரின் பெரிய வர்த்தகர்களில் ஒருவராகிவிட்டார். நியூயார்க் நகரில் 'மர்ரே ஹில்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பெயர் இந்தக் குடும்பத்தின் மாளிகை நின்ற மேட்டிலிருந்து வந்ததே.

மகனையும் வியாபாரியாக்கிவிட வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. இளவயதிலேயே கணக்குப் பார்க்க உட்கார வைத்தார். பையனுக்கோ பேரேட்டைக் கண்டாலே வெறுப்பு. புத்தகங்களின் மீதுதான் நாட்டம்.

ராபர்ட் மர்ரே கண்டிப்பான மனிதர். அனுமதியின்றி மாலையில் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அவர் உத்தரவு. ஒரு நாள் பெற்றோர் இருவரும் வீட்டில் இல்லாத நேரத்தில் உறவினர் ஒருவர் விருந்துக்கு அழைத்தார். அனுமதி கேட்க ஆளில்லை. உறவினர் வீடுதானே என்று பையன் போய்விட்டான். மறுநாள் காலையில் தகப்பனார் காரணத்தைக் கேட்கவில்லை, பிரம்பைத்தான் கேட்டார். அடியைவிட அநியாயம்தான் பிள்ளையின் மனத்தில் அதிகமாக வலித்தது. தன் புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டு ஒருவருக்கும் தெரியாமல் புறப்பட்டுவிட்டான்.

வீட்டை விட்டு ஓடும் சிறுவர்கள் கப்பலுக்குப் போவார்கள். நாடகக் கொட்டகைக்குப் போவார்கள். இந்தச் சிறுவன் போனது பள்ளிக்கூடத்துக்கு! நியூ ஜெர்சியிலுள்ள பர்லிங்டன் என்ற ஊரில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ந்து பிரெஞ்சு மொழி படிக்கத் தொடங்கினான். சில காலத்துக்குப் பின் குடும்பத்தார் இருக்குமிடத்தை அறிந்துகொண்டனர். உறவினர் நடுவில் நின்று சமாதானம் செய்து வைத்தார். வீடு திரும்பிய மகனுக்குத் தனி ஆசிரியர் ஒருவரை நியமிக்கத் தகப்பனார் சம்மதித்தார். பிரம்பு தோற்றது, புத்தகம் வென்றது.

வக்கீலும் வியாபாரியும்

படித்த பிள்ளை வக்கீலாக விரும்பினார். பெஞ்சமின் கிஸ்ஸம் என்ற பிரபல வக்கீலிடம் சட்டம் பயின்றார். அதே அலுவலகத்தில் அவருடன் சட்டம் பயின்ற இன்னோர் இளைஞர் ஜான் ஜே. பின்னாளில் ஐக்கிய அமெரிக்காவின் முதல் தலைமை நீதிபதியானவர் இந்த ஜான் ஜேதான். மர்ரேயும் வக்கீல் தொழிலில் நல்ல பெயர் எடுத்தார். சட்டத்தில் ஒரு சொல் இடம் மாறினால் சொத்தே கை மாறிவிடும் என்பதை அங்கேதான் அவர் கண்கூடாகக் கண்டார். 1767-ல் ஹன்னா டாப்சன் என்ற மங்கையை மணந்தார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஆனால் ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இல்லறம் அது.

பிறகு வந்தது அமெரிக்க சுதந்திரப் போர். மர்ரே குடும்பத்துக்கு அது சோதனைக் காலம். அவர்கள் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஆயுதம் எடுப்பது அவர்களுடைய மதக் கொள்கைக்கு விரோதம். அத்துடன் பிரிட்டிஷ் சரக்குகளை இறக்குமதி செய்து பிழைத்த குடும்பம். 1775-ல், பிரிட்டிஷ் சரக்கை வாங்கக் கூடாது என்று தடை இருந்தபோது, அவர்களுடைய கப்பல் ஒன்றிலிருந்து இரகசியமாகச் சரக்கு இறக்கப்பட்டது வெளியாகிப் பெரும் அமளியாயிற்று. ஆனால் மறு ஆண்டு, பிரிட்டிஷ் படைத் தலைவர் ஹவ்வுக்குத் தாயார் மேரி மர்ரே விருந்து வைத்துத் தாமதப்படுத்தியதால்தான் அமெரிக்கப் படை தப்பித்தது என்று ஒரு கதையும் வழங்கி வருகிறது. ஒரே குடும்பத்தை இரு தரப்பாரும் ஐயத்துடன் பார்த்த காலம் அது.

லிண்ட்லி மர்ரே நகரத்தை விட்டு விலகி, லாங் ஐலண்டில் இஸ்லிப் என்ற கடலோரக் கிராமத்தில் சுமார் நான்கு ஆண்டுகள் ஒதுங்கியிருந்தார். மீன் பிடித்தார், படகு ஓட்டினார், உப்பளம் அமைக்கவும் திட்டமிட்டார். கைப்பொருள் கரைந்தபோது மீண்டும் நியூயார்க் வந்து, பிரிட்டிஷ் வசமிருந்த நகரில் வியாபாரத்தில் புகுந்தார். சிறுவயதில் வெறுத்த பேரேடு இப்போது பொன்னாகக் கொழித்தது. போர் முடிவதற்குள் பெரும் பணக்காரராகிவிட்டார். ஆற்றங்கரையில் 'பெல்வியூ' என்ற அழகான தோட்ட வீட்டை வாங்கினார். பிற்காலத்தில் புகழ்பெற்ற பெல்வியூ மருத்துவமனை எழுந்தது அந்த இடத்தில்தான்.

இனி ஓய்வாக வாழலாம் என்று எண்ணிய வேளையில் விதி குறுக்கிட்டது. கால்களின் தசைகள் வலுவிழந்தன. சிறிது தூரம் நடந்தால் அதன் பின் நாட்கணக்கில் தளர்ச்சி. குளிர்ச்சியான சீமைக்குப் போனால் குணமாகலாம் என்று டாக்டர்கள் யோசனை கூறினர். 1784-ன் இறுதியில் மர்ரே தம்பதிகள் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினர். பிரிட்டிஷ் தரப்புடன் வியாபாரம் செய்தவருக்குப் புதிய அமெரிக்காவில் இடமில்லை. அதுவே உண்மைக் காரணம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் ஒருவர் வாதிட்டிருக்கிறார். எதுவாயினும், சில ஆண்டுகளில் திரும்பி விடலாம் என்று புறப்பட்டவர் பிறந்த மண்ணை மறுபடி பார்க்கவேயில்லை.

ஒரு சொல்லுக்காக அடி

யார்க் நகரை அடுத்த ஹோல்கேட் என்ற சிற்றூரில் ஒரு வீட்டை வாங்கிக் குடியேறினார் மர்ரே. அங்கே குவேக்கர் சமூகத்தார் நிறைய இருந்தனர். இந்தச் சமூகத்துக்கும் பிரதிப்பெயருக்கும் ஒரு விசித்திரமான சம்பந்தம் உண்டு.

தமிழில் நாம் ஒருவரை 'நீ' என்கிறோம்; மரியாதைக்குரியவரை 'நீங்கள்' என்கிறோம். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இந்த வித்தியாசம் இருந்தது. 'தௌ' என்றால் நீ. 'யூ' என்றால் நீங்கள். பிரபுக்களையும் நீதிபதிகளையும் 'தௌ' என்று அழைப்பது மகா அவமரியாதை. குவேக்கர் சமூகத்தைத் தோற்றுவித்த ஜார்ஜ் பாக்ஸ் என்பவர் பதினேழாம் நூற்றாண்டில் இதை எதிர்த்தார். கடவுள் முன்னிலையில் அனைவரும் சமம். தவிர, ஒருவரைப் பன்மையில் அழைப்பது பொய் என்பது அவர் கட்சி. குவேக்கர்கள் அரசாங்க அதிகாரியையும் 'நீ' என்றார்கள். ஆண்டியையும் 'நீ' என்றார்கள். இதற்காக உதைபட்டவர்கள் பலர். பெற்ற தந்தையிடமே அடி வாங்கிய பிள்ளைகளும் உண்டு. ஒருமை, பன்மையைப் பல மொழிகளிலிருந்து எடுத்துக்காட்டி 1660-ல் பாக்ஸும் அவர் தோழர்களும் ஒரு புத்தகமே வெளியிட்டனர்.

சொல்லை உண்மையாகச் சொல்ல வேண்டும் என்பதை மதக் கடமையாகவே கருதிய சமூகத்தில் பிறந்தவர் மர்ரே. அவர் கையில் இலக்கணம் வந்து சேர்ந்தது தற்செயலே ஆனாலும், பொருத்தமான கைக்கே வந்து சேர்ந்தது.

ஆசிரியைகளின் மனு

யார்க் நகரில் குவேக்கர் பெண் குழந்தைகளுக்காக எஸ்தர் டியூக் என்ற அம்மையார் 1785-ல் ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தார். பெண்களுக்குத் தையலும் சமையலும் போதும் என்று பெரும்பாலோர் நினைத்த காலம் அது. அந்தப் பள்ளியின் இளம் ஆசிரியைகளுக்கு ஒரு சங்கடம். ஆங்கில இலக்கணம் கற்பிக்க வேண்டும்; ஆனால் தகுந்த புத்தகம் இல்லை. பிஷப் ராபர்ட் லவுத் 1762-ல் எழுதிய இலக்கணம் பெயர் பெற்றதுதான். ஆனால் அது கற்றவர்களுக்கு உகந்தது, குழந்தைகளுக்கு எட்டாது.

ஆசிரியைகள் ஹோல்கேட்டுக்கு வந்து மர்ரேயிடம் பாடம் கேட்டனர். அவர் விளக்கும் முறை அவர்களைக் கவர்ந்தது. இதையே ஒரு புத்தகமாக எழுதித் தர வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்துக் கேட்டுக்கொண்டார்கள். மர்ரே முதலில் தயங்கினார். தம்மால் ஆகாது என்று மறுத்தார். அவர்கள் விடவில்லை. முடிவில் இசைந்தார். 1795-ல் அவருடைய ஆங்கில இலக்கணம் யார்க் நகரில் அச்சாகி வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பது.

புதிதாக எதையும் கண்டுபிடித்துவிட்டதாக மர்ரே பெருமையடித்துக் கொள்ளவில்லை. முன்னோர் நூல்களிலிருந்து தொகுத்ததே என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். லவுத், பிரீஸ்ட்லி முதலியோரின் விதிகளை எடுத்து, வரிசைப்படுத்தி, குழந்தைக்குப் புரியும்படி அடுக்கினார். மனப்பாடம் செய்ய வேண்டியதைப் பெரிய எழுத்திலும், ஆசிரியர் விளக்க வேண்டியதைச் சிறிய எழுத்திலும் அச்சிட்டார். வாக்கிய அமைப்புக்கு இருபத்திரண்டு விதிகள் வகுத்தார். 1797-ல் பயிற்சிப் புத்தகமும், அதற்கு விடைப் புத்தகமும், சிறுவர்க்கு ஒரு சுருக்கமும் வெளியாயின. பயிற்சிப் புத்தகத்தில் பிழையான வாக்கியங்களைக் கொடுத்து மாணவனையே திருத்தச் சொன்னார். பிழை திருத்தும் அந்தப் பயிற்சி நம்முடைய பள்ளிக்கூடங்களுக்கும் நன்கு பழக்கமானதுதான்.

சின்னச் சொற்களின் சட்டம்

வக்கீலாயிருந்தவர் அல்லவா? சின்னச் சொற்களில்தான் வழக்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஒரு மனிதனுக்கு 'ஃபியூ ஃபிரண்ட்ஸ்' என்றால் நண்பர்கள் இல்லாத குறை. 'ஏ ஃபியூ ஃபிரண்ட்ஸ்' என்றால் சிலராவது இருக்கிறார்கள் என்ற நிறைவு. 'லிட்டில் மனி' என்றால் பணம் இல்லை. 'ஏ லிட்டில் மனி' என்றால் கொஞ்சம் இருக்கிறது. 'ஏ' என்ற ஓரெழுத்து ஏழையைப் பணக்காரனாக்கிவிடுகிறது!

'மை', 'திஸ்', 'தட்', 'ஈச்', 'எவ்ரி', 'சம்', 'எனி' போன்ற சொற்களை இருபதாம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் 'டிட்டர்மினர்' என்று தனி வகுப்பில் வைத்தார்கள். மர்ரேயின் காலத்தில் அந்தப் பெயர் கிடையாது. பாதி பிரதிப்பெயராகவும், பாதி பெயரை விசேஷிக்கும் சொல்லாகவும் இருப்பதால், இவற்றை அவர் பெயருரிப் பிரதிப்பெயர்கள் என்றார். உடைமை காட்டுவன, தனித்தனியே பிரித்துக் காட்டுவன, சுட்டிக் காட்டுவன, பொதுப்படையாகக் குறிப்பன என நான்காக வகுத்தார். 'ஈச்', 'எவ்ரி', 'ஈதர்' மூன்றும் ஒருமையே. அவற்றை அடுத்து வரும் வினையும் பிரதிப்பெயரும் ஒருமையாகவே இருக்க வேண்டும் என்று விதித்தார். ஆட்களுக்கு 'ஹூ', பொருள்களுக்கும் விலங்குகளுக்கும் 'விச்' என்றார். கைக்குழந்தைக்கு எது? பகுத்தறிவு வராத குழந்தைக்கு 'ஹூ' பொருந்தாது என்பது அவர் அபிப்பிராயம். தாய்மார்கள் இதை ஏற்றார்களா என்பது வேறு விஷயம்!

மெழுகுப் பொம்மையான பெருமை

ஒரு சிறிய பள்ளிக்காக எழுதிய புத்தகம் உலகைச் சுற்றியது. இலக்கணமும் அதன் சுருக்கமும் பதிப்புக்கு மேல் பதிப்பாக வந்தன. 1799-ல் வெளியான அவருடைய 'இங்கிலீஷ் ரீடர்' அமெரிக்கப் பள்ளிகளில் கொடிகட்டிப் பறந்தது. ஆபிரகாம் லிங்கன் அதை மிகச் சிறந்த பள்ளிப் புத்தகம் எனக் கருதினார் என்று அவருடைய வக்கீல் கூட்டாளி எழுதி வைத்திருக்கிறார். மர்ரேயின் புத்தகங்கள் எல்லாமாகச் சேர்ந்து ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கும் என்பது ஆராய்ச்சியாளரின் கணக்கு. கண்பார்வையற்றோர் தடவிப் படிக்கும் எழுத்தில் 1835-ல் போஸ்டனில் சுருக்கம் அச்சாயிற்று. 1837-ல் பம்பாயில் மராத்தி மொழியிலும் அது வந்தது.

நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் கூட இவரை விடவில்லை. மெழுகுப் பொம்மைக் காட்சி நடத்தும் ஓர் அம்மாள், பெண்கள் பள்ளியிலிருந்து மாணவிகள் பார்க்க வருகிறார்கள் என்றதும், கோமாளிப் பொம்மையின் உடையை மாற்றி லிண்ட்லி மர்ரே என்று நிறுத்திவிடுவதாக 1840-ல் தொடங்கிய நாவலில் வேடிக்கையாக எழுதினார். புகழ் என்பது அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது.

கண்டனங்களுக்கும் குறைவில்லை. தம்முடைய நூலிலிருந்து எடுத்துக்கொண்டதாக அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டர் குறைப்பட்டார். இலக்கண ஆசிரியரின் ஆங்கிலத்திலேயே பிழைகள் மலிந்திருப்பதாக 1868-ல் ஒருவர் தனிப் புத்தகமே போட்டார்.

'அவன்' என்றால் அவளுமா?

மர்ரே போன்றோரின் ஒரு விதி பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கோர்ட்டு வரை போயிற்று. 'எனிபடி', 'எவ்ரிபடி' என்று ஆண், பெண் தெரியாமல் பேசும்போது சாதாரண ஜனங்கள் 'தே', 'தேர்' என்று பன்மையைப் போட்டுப் பேசி வந்தார்கள். ஷேக்ஸ்பியர் காலத்துக்கும் முந்திய வழக்கம் அது. பிரதிப்பெயர் தன் பெயரோடு எண்ணிலும் பாலிலும் ஒத்திருக்க வேண்டும் என்ற விதிப்படி மர்ரே அதைப் பிழை என்றார். 'ஹீ', 'ஹிஸ்' என்று ஆண்பாலில் திருத்தினார். பெண்கள் பள்ளிக்காக எழுதிய புத்தகம், பெண்ணையும் 'அவன்' என்ற சொல்லுக்குள் அடக்கிவிட்டது.

1850-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் இதையே சட்டமாக்கியது. சட்டங்களில் ஆண்பால் சொல் வந்தால் பெண்ணையும் குறிக்கும் என்றது. அப்படியானால் ஆணுக்கு உள்ள வோட்டு தங்களுக்கும் உண்டுதானே என்று மான்செஸ்டர் நகரப் பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1868-ல் அந்த வழக்கு தோற்றது. வரி கட்டும்போது 'அவன்' என்றால் அவளும் உண்டு. வோட்டுப் போடும்போது இல்லை! இந்தியாவின் 1897-ம் ஆண்டு பொது விதிகள் சட்டத்திலும் ஆண்பால் பெண்பாலை உட்கொள்ளும் என்ற பிரிவு இடம் பெற்றது.

பள்ளிக்கூடம் எவ்வளவோ கண்டித்தும் ஜனங்களின் வாயிலிருந்து 'தே' மறையவில்லை. இருபத்தொன்றாம் நூற்றாண்டில் அகராதிகளே அதை ஒருமையாக ஏற்றுக்கொண்டன. 2019-ல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி அதை ஆண்டின் சொல்லாகவே அறிவித்தது. தமிழருக்கு இதில் வியப்பில்லை. பன்மையாயிருந்த 'அவர்' என்ற சொல், ஆண், பெண் பேதமின்றி ஒருவரைக் குறிக்கும் சொல்லாக நம்மிடையே எப்போதோ வந்துவிட்டது அல்லவா?

சோபாவில் பதினாறு ஆண்டுகள்

ஹோல்கேட்டில் மர்ரேயின் உடல்நிலை தேறவில்லை. முதலில் தோட்டத்தில் நாலடி நடப்பார். பிறகு அதுவும் போயிற்று. வண்டியில் வெளியே போய் வருவார். 1809-க்குப் பின் அதையும் நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். குரலும் தளர்ந்தது. ஆனால் புத்தி தளரவில்லை. ஒவ்வொரு பதிப்பையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்தினார். செடி கொடிகளில் பெரும் பிரியம் கொண்டவர். நடந்து பார்க்க முடியாத தோட்டத்தில் அபூர்வமான செடிகளை வளர்க்கச் செய்தார். மன்னரின் கியூ தோட்டத்தைவிட இங்கே வகைகள் அதிகம் என்று வந்தவர்கள் வியந்தார்கள்.

புத்தகத்தில் வந்த பணத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் தர்மங்களுக்குக் கொடுத்தார். மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்த காலத்தில், அவர்களை அன்புடன் நடத்துவதற்காக 1796-ல் யார்க்கில் திறக்கப்பட்ட 'ரிட்ரீட்' விடுதிக்கு உறுதுணையாக நின்றார்.

1826-ல், தமது எண்பதாம் வயதில், லிண்ட்லி மர்ரே காலமானார். ஹன்னா அம்மையார் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த அம்மாளின் காலத்துக்குப் பின் எஞ்சிய செல்வம் அமெரிக்காவுக்குப் போக வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார் மர்ரே. நீக்ரோ அடிமைகளை விடுவிக்கவும், விடுதலை பெற்றவர்களுக்கு உதவவும், அவர்களுடைய சந்ததியாருக்குக் கல்வி கொடுக்கவும், ஏழைகளைப் பராமரிக்கவும் அந்தப் பணம் செலவாக வேண்டும் என்பது அவர் விருப்பம். திரும்பிப் போக முடியாத தாய்நாட்டுக்கு அவர் அனுப்பிய கடைசிக் காணிக்கை அது.

ஹோல்கேட் தோட்டத்தில் அவர் அமர்ந்திருந்த சிறு கோடை மண்டபம் பிற்காலத்தில் யார்க் நகரின் மவுண்ட் பள்ளி வளாகத்துக்குக் கொண்டுவந்து வைக்கப்பட்டது. எந்தப் பெண் குழந்தைகளுக்காக அவர் எழுதினாரோ, அந்தப் பழைய பள்ளியின் வழிவந்ததாகப் பெருமை கொள்வது இந்தப் பள்ளி. அவர் வகுத்த விதிகளில் சில நிலைத்தன. சில காலத்தோடு கரைந்தன. ஆனால் 'ஏ' என்ற ஓரெழுத்திலும் உண்மை இருக்கிறது, அதைக் கவனித்து எழுத வேண்டும் என்று அவர் கற்பித்த பாடம் மட்டும் பழசாகவில்லை.